பங்காளி என்று சொன்னான்

மலைக்குச் செல்போன் வராத காலம். நானும் அவனும் சோளக்காடு என்ற எங்கள் மலையூர்ச் சந்தையில் மிளகு மூட்டை தூக்கினோம். அவன் எனக்கு மச்சான் முறை. எங்கள் பக்கம் மச்சானைக் கேலி பேசலாம், கழுத்தைக் கட்டிக்கொண்டு நடக்கலாம். யாரும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள். நான்தான் நினைத்தேன்.

இரண்டு பேருக்கும் ஆண்களைத்தான் பிடிக்கும். அது எங்களுக்குள் மட்டும் தெரியும். சனிக்கிழமை பஸ் ஏறி சேலம் போவோம். அங்கே ஒரு பூங்காவில் விளக்குப் போட்டதும் எங்களைப் போன்றவர்கள் கூடுவார்கள். பாட்டு, சிரிப்பு, தலையில் பூகூட வைத்துக்கொள்வார்கள். அங்கேதான் ஒரு துணிக்கடைக்காரர் அவனுக்குப் பழக்கமானார்.

ஒரு நாள் அங்கே ஒருத்தர் கேட்டார்.

"ஏனுங்க மலைக்காரரே, எப்பவும் சோடியாத்தான் எறங்குவீங்களா? கல்யாணச் சோறு எப்பங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். அவன் துணிக்கடைக்காரரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அட போங்க. இவன் எனக்குப் பங்காளிங்க. கூடப் பொறந்தவன் மாதிரி."

ஊரில் எவனும் முறையை மாற்றிச் சொல்லமாட்டான். அவன் சொன்னான். நான் கேட்காத கேள்விக்கு அதுதான் பதில்.

தை மாதம் அவன் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்து என் தங்கையைப் பெண் கேட்டாள். முறை இருக்கிறதே. என் அம்மாவுக்கும் சந்தோஷம். அவன் பின்னாலேயே வந்தான்.

"வேண்டாங்கத்தை. உங்க புள்ள நல்லா இருக்கோணும். எனக்குப் பொம்பளைங்க மேல ஆசை இல்லீங்க. சேலத்துல ஒருத்தரு இருக்காரு. ஆம்பளை."

அவன் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். என் அம்மா என்னைப் பார்த்தாள்.

"நீயுந்தான அவங்கூடப் போன? உனக்குத் தெரியுமா?"

"அவனுக்கு ஒண்ணும் தெரியாதுங்க," என்று அவன் முந்திக்கொண்டான்.

அவன் ஒற்றை ஆளாக நின்றதை என்னால் பார்க்க முடியவில்லை.

"தெரியும்மா. நானும் அப்படித்தான்."

தங்கை எழுந்து உள்ளே போனாள். அம்மா அவனைக் காட்டிக் கேட்டாள்.

"இவங்கூடவா?"

"இல்லை," என்றேன். அது உண்மைதான்.

மறுநாள் அவன் சோளக்காட்டில் பையோடு பஸ்ஸுக்கு நின்றான்.

"நீயும் வாடா. அவரு ஊட்டுலயே இருந்துக்கலாம். வேலையும் பாத்துத் தருவாரு."

"நீங்க ரெண்டு பேரும் இருக்கற ஊட்டுல எனக்கு என்னடா வேலை?"

என் முகத்தைப் பார்த்தான். அப்போதுதான் அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும். என்னவோ சொல்ல வந்தான். கண்டக்டர் விசில் ஊதினார்.

"ஏறுடா. உக்கார எடம் கெடைக்காது," என்றேன்.

ஏறினான்.