படையலுக்கு முன் தின்ற கதிர்

நாகலூரைத் தாண்டி ஒண்டிக்கடை முக்குப் பக்கம் நடக்கும்போது மூன்று தடவை திரும்பிப் பார்த்தேன். யாரும் வரவில்லை. துரத்தி வந்திருந்தால்கூடக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

நான் விட்டுவந்தது நாகலூருக்கு மேலே, மலைவிவசாயிகள் இருக்கும் ஒரு சின்ன ஊர். அங்கே கணவனை இழந்த ஓர் அம்மாவின் காட்டில் இரண்டு மாதமாக வேலை. காப்பிக்குக் களை எடுப்பது, வேலி கட்டுவது, விறகு பிளப்பது. சாப்பாடும் ஒரு கொட்டகையும் அவர் கொடுத்தார். அன்று காலை பசி தாங்காமல் ராகிக் காட்டோரம் நாலு இளங்கதிரைப் பறித்து, நெருப்பில் வாட்டி, உள்ளங்கையில் கசக்கி ஊதித் தின்றேன். மலைக்குக் கீழே எத்தனையோ காட்டில் அப்படித் தின்றிருக்கிறேன்.

அந்த ஊரில் புதுக்கதிரைச் சாமிக்குப் படைக்கும்வரை யாரும் ஒரு மணியைக்கூட வாயில் போடுவதில்லை. எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமை படையல் என்று அந்த அம்மா சொல்லியிருந்தார். அது அவர்களுக்கான கட்டுப்பாடு, எனக்கல்ல என்று நினைத்துக்கொண்டேன். அதுதான் தப்பு.

ஆடு ஓட்டி வந்த ஒருவர் சாம்பலையும் உமியையும் பார்த்துவிட்டார். திட்டவில்லை. சாயங்காலம் ஊர் கூடும், வந்துவிடுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். முன்பு வேறோர் ஊரில் திருடன் என்று என்னைப் பகல் முழுக்க வெயிலில் உட்காரவைத்தார்கள். அந்த ஞாபகம் வந்ததும் இரண்டு சட்டையைப் பையில் திணித்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஒண்டிக்கடை முக்கில் ஒரு டீக்கடையில் டீ குடித்தேன். பக்கத்தில் ஒருவர் போனில் யாரோ பேசுவதைச் சத்தமாக வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். நம் பண்பாட்டைக் காக்காதவன் இந்த நாட்டுக்காரனே இல்லை என்றது போன். அவர் தலையாட்டினார். எதிரே இருந்த ஜீப் டிரைவர் சிரிக்காமல் கேட்டார்.

“ஏனுங்க, காலையில கம்பங்கூழுங்களா, பரோட்டாங்களா?”

“பரோட்டாதான். அதுக்கென்னங்க இப்ப?”

“ஒண்ணுமில்லீங்க. பண்பாடு செரிக்கட்டும்.”

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன், டம்ளரில் முகத்தை மறைத்துக்கொண்டு. அடுத்து யாராவது என்னைப் பார்த்து எந்த ஊர் என்று கேட்பார்கள். என் தாத்தா கீழேயிருந்து எஸ்டேட் வேலைக்கு ஏறி வந்தவர். நான் பிறந்த, தொழிலாளர் குடியிருந்த லைன் வீடுகளை எஸ்டேட் கைமாறியபோது இடித்துவிட்டார்கள். ஏழாவதோடு படிப்பு நின்றது. அதற்குப் பிறகு எந்த ஊர் பெயரைச் சொன்னாலும் பொய் சொல்வதுபோல் இருக்கும்.

டீக்கடைக்கு வந்த, எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் ஒருவர் ஆள் தேவை என்றார். தங்க இடம் உண்டு, ஆதார் கார்டு வேண்டும் என்றார். பையைத் துழாவினேன். இல்லை. கொட்டகை ஒழுகுகிறது என்று அதை அந்த அம்மாவின் பெட்டியில் வைக்கக் கொடுத்திருந்தேன். நான் இந்த நாட்டுக்காரன் என்று சொல்ல என்னிடம் இருந்தது அது ஒன்றுதான். அதை வாங்க, பயந்து ஓடிவந்த ஊருக்கே போக வேண்டும்.

நாகலூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். போனில் பேசியவர் சொன்னதை நான் முழுக்கத் தள்ளிவிடவில்லை. நானும் பழசைக் காக்க வேண்டும் என்கிற ஆள்தான். ஒரு கட்டுப்பாட்டின் காரணம் எனக்குப் புரியவில்லை என்பதற்காக அதை உடைக்க எனக்கு உரிமை இல்லை. நமக்கு முன்னால் இருந்தவர்கள் ஏதோ பட்டுத்தான் அதை வைத்திருப்பார்கள். ஒரு மாதமாக முற்றிக்கொண்டிருக்கும் கதிரைப் பார்த்துக்கொண்டு ஓர் ஊரே பசியோடு காத்திருக்கிறது. காடு நிறைய வைத்திருப்பவர் முந்துவதில்லை, அரைக்காணி வைத்திருப்பவர் பிந்துவதில்லை. எல்லாரும் ஒரே நாளில் தின்கிறார்கள். நாடு என்றால் எனக்குப் புரிந்தவரை அதுதான், ஒருவருக்காக ஒருவர் காத்திருப்பது. நான் காத்திருக்கவில்லை. அதைப் பற்றி யாரும் போனில் பேசியும் நான் கேட்டதில்லை.

வெயில் சாய்வதற்குள் போய்ச் சேர்ந்தேன். அந்த அம்மா பெட்டியைத் திறந்து கார்டை எடுத்துக் கொடுத்தார்.

“போறதுன்னா இப்படியே போயிருங்க. யாரும் மறிக்க மாட்டாங்க. வெளியாளு தின்னா எங்க சாமி கோவிச்சுக்காது.”

“அப்புறம் எதுக்குங்க ஊரு கூடுது?”

“ரெண்டு மாசமா எங்க ஊட்டுச் சோறு தின்னீங்களே, அதான் ஒரு சந்தேகம். நீங்க வெளியாளா, இல்லீங்களான்னு.”

கார்டைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றேன். கடைசி பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. ரைட்டர் சொன்ன வேலைக்குக் கூலியும் கூரையும் உண்டு. ஊர் கூடியிருந்த மரத்தடிக்கு நடந்தேன்.

அங்கே இருபது பேர் இருந்தார்கள். தின்றேன் என்று சொன்னேன். தெரிந்தே தின்றேன் என்றும் சொன்னேன்.  ஊர்ப்பெரியவர் தண்டம் சொன்னார். முந்தித் தின்றவன் படையல்வரை ஊர்க்காடு முழுவதற்கும் குருவி விரட்ட வேண்டும், கூலி கிடையாது. முன்னொரு வருஷம் அவர் மகனுக்கும் இதே தண்டம்தான் என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, பெரியவர் முறைத்தார்.

மறுநாள் விடியும்போது ராகிக் காட்டு நடுவே பரண்மேல் இருந்தேன். கையில் நசுங்கிய எண்ணெய் டின், ஒரு குச்சி. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள். அதற்கப்புறமும் வைத்துக்கொள்வார்களா என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. காப்பிக்காட்டுப் பக்கமிருந்து முதல் குருவிக் கூட்டம் வந்து இறங்கியது. எழுந்து நின்று டின்னைத் தட்டினேன்.