அறுபத்தொரு துளைகளுக்காக அனுப்பர்பாளையம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை, உள்ளங்கை அகலத் தட்டு ஒன்றில் துளை போடுவதற்காகச் சென்னையிலிருந்து திருப்பூர் போனேன். சொன்னால் இன்றும் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். அப்போது ஓர் ஆய்வுக்கூடத்தில் எனக்குத் தற்காலிக வேலை. மெத்தனால் ஆவியை வினையூக்கித் தூளுக்குள் செலுத்தி எத்திலீனும் புரொப்பிலீனும் எடுக்கும் சிறிய உலை எங்களுடையது. தூள் அடியில் சும்மா கிடக்கக் கூடாது. கீழிருந்து வரும் ஆவி அதைத் தூக்கி, கொதிக்கிற கஞ்சி மாதிரி புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அது முழுக்க அடித்தட்டின் துளைகளைப் பொறுத்தது.

எங்கள் தட்டு சூட்டில் வளைந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை, திட்டத்துக்குப் பணம் தருகிற குழு உலை ஓடுவதைப் பார்க்க வருவதாக இருந்தது. ஓடாவிட்டால் திட்டத்தை மூடுவார்கள், என் வேலையும் அதோடு போகும். சென்னைப் பட்டறைகள் பத்து நாள் கேட்டன. இட்லித் தட்டுக்கு நாள் முழுக்கத் துளை போடுகிற ஊர் ஒன்று இருக்கிறது என்று கூட வேலை பார்த்தவர் சொன்னார். கையில் மிச்சமிருந்த துளை போடாத ஒரே ஓர் எஃகு வட்டத் தகட்டைத் துணிப்பைக்குள் வைத்துக்கொண்டு வெள்ளி இரவு ரயிலேறினேன்.

திருப்பூரில் இறங்கியபோது காலை ஆறேகால். அவிநாசி போகும் டவுன் பஸ்ஸில் அனுப்பர்பாளையத்துக்கு இருபது நிமிடம், ஒன்றேகால் ரூபாய். பஸ் முழுக்க பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள், நிற்கக்கூட இடமில்லை. இறங்கியதும் வழி கேட்கத் தேவையில்லை, பாத்திரம் தட்டுகிற சத்தத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தால் போதும். மூன்று பட்டறைகளில் கையை விரித்தார்கள். நான்காவதில் துளையிடும் மெஷினில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் இருந்தார். வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மத்தியானம் இரண்டு மணிக்கு வரச் சொன்னார். இதில் என்ன வேகும் என்று கேட்டார். எதுவும் வேகாது, இதிலிருந்து வரும் வாயுவில்தான் பனியனைப் போட்டு விற்கிற பிளாஸ்டிக் கவர் செய்கிறார்கள் என்றேன். நம்பிய மாதிரி தெரியவில்லை.

இரண்டு மணிக்குத் தட்டு பளபளவென்று தயாராக இருந்தது. எண்ணிப் பார்த்தேன். எழுபத்து மூன்று துளை. வரைபடத்தில் இருந்தவை அறுபத்தொன்று. இன்னொரு முறை எண்ணினேன், அதே எழுபத்து மூன்று.

“ஓரமெல்லாம் மொட்டையா இருந்துச்சுங்க சார். பன்னெண்டு சேத்துப் போட்டுட்டேனுங்க. அதுக்குக் காசு வேண்டாமுங்க.”

கொசுறு. காய்கறிக்காரர் கறிவேப்பிலை போடுவது போல எனக்குத் துளை போட்டிருந்தார். துளை கூடினால் தட்டுக்கு அடியில் அழுத்தம் நிற்காது. ஆவி ஓரமாகவே ஏறிப் போய்விடும், நடுவில் தூள் அசையாமல் கிடந்து கரி பிடிக்கும். இதையெல்லாம் பொறுமையாகச் சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. யார் உங்களிடம் கொசுறு கேட்டது, என் பிழைப்பைக் கெடுத்துவிட்டீர்களே என்று பட்டறையே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அவர் தட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பிறகு, ஈயம் வைத்து அடைத்தால் நிற்குமா என்று கேட்டார். நானூற்றைம்பது டிகிரி சூடு, உருகிவிடும் என்றேன். சமையலறைக் கூடை பின்னுகிற எவர்சில்வர் கம்பியை எடுத்து வந்து, துண்டு துண்டாக வெட்டி, கூடுதலாகப் போட்ட ஒவ்வொரு துளையிலும் செருகி, வாணலிக்குக் கைப்பிடி அடிக்கிற மாதிரி இரண்டு பக்கமும் தட்டித் தலை பரப்பினார். பன்னிரண்டுக்கும் இரண்டரை மணி நேரம் ஆனது. அவருடைய இட்லித் தட்டு வேலை அப்படியே கிடந்தது. முடிந்ததும் தண்ணீர் ஊற்றிக் காட்டினார். அறுபத்தொரு இடத்தில் சொட்டியது, பன்னிரண்டில் ஈரம்கூட இல்லை.

“இப்ப எண்ணிப் பாத்துக்குங்க சார்,” என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். எண்ணினேன். ரயிலுக்கு நேரமாகிவிட்டதால் கூலியைக் கொடுத்துவிட்டு ஓடினேன்.

செவ்வாய்க்கிழமை உலை ஆறு மணி நேரம் நிற்காமல் ஓடியது. வாயுக்களைப் பிரித்துக் காட்டும் கருவியின் தாளில் எத்திலீனும் புரொப்பிலீனும் தெளிவாக இரண்டு முகடுகளாக எழுந்தன. திட்டம் தப்பியது, நானும் தப்பினேன்.

இந்த மாதிரி வேலைக்குப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். காலையிலேயே போய்விடுங்கள். ஒரு தட்டுக்கு இரண்டு வட்டமாக எடுத்துப் போங்கள். துளை எத்தனை என்று சொல்வதோடு, ஒன்றுகூட அதிகம் வேண்டாம் என்பதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். அங்கே குறைவாகக் கொடுத்துவிடக் கூடாது என்றுதான் பயப்படுகிறார்கள்.

குழுவுக்குக் கொடுக்க வேண்டிய அறிக்கையில் உலையின் ஒவ்வொரு பாகத்துக்கும் எதிரே ‘செய்தவர்’ என்று ஒரு கட்டம் இருந்தது. தட்டின் கனம், துளையின் விட்டம், இடைவெளி எல்லாம் எழுதிவிட்டு அந்தக் கட்டத்துக்கு வந்தேன். இரண்டரை மணி நேரம் அவர் பக்கத்திலேயே நின்றிருக்கிறேன், பேர் கேட்கவில்லை. ‘உள்ளூர்த் தயாரிப்பு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.