கதவுக்காரனை ஓடவிட்டவர்கள்

போன வாரம் படகில் அக்கரைக்குப் போய், செபராங் ஜெயாவில் ஒரு பேரங்காடிக்குள், புத்தகங்களைப் பெட்டியில் வைத்து அடக்கம் செய்திருந்ததைப் பார்த்தேன். பழைய காமிக்ஸ் ஒவ்வொன்றையும் தடித்த பிளாஸ்டிக்கில் நாலு பக்கமும் ஒட்டி, தலைமாட்டில் மதிப்பெண் எழுதிப் படுக்க வைத்திருந்தார்கள்.

"பிரிச்சுப் பாக்கலாமாம்மா?" என்றேன் கடைக்காரப் பெண்ணிடம்.

"அய்யோ அங்கிள், தொறந்தா வேல்யூ போயிடும்லா!"

படிக்காமல் இருந்தால்தான் மதிப்பாம். அந்தக் கணக்கில் எங்கள் பழைய தொழிற்சாலை சூப்பர்வைசர்தான் உலகத்திலேயே விலை உயர்ந்த மனிதர். வாழ்நாளில் ஒரு புத்தகத்தையும் திறந்ததில்லை.

முணுமுணுத்துக்கொண்டே நகர்ந்தவன் கீழ்த்தட்டைப் பார்த்து நின்றுவிட்டேன். இளவயதில் நான் படித்த காமிக்ஸ் நாயகர்கள், என் ஏழு பேரும் அங்கே அடைந்து கிடந்தார்கள்.

உங்களுக்கு அவர்களைத் தெரிந்திருக்காது. யாருக்கும் தெரியாமல் இருப்பதுதான் அவர்கள் தொழில். மேலங்கி பறக்க வந்து, நாலு கட்டடத்தை இடித்து, கையசைத்துவிட்டுப் போகிறானே, அவன் படம்தான் எல்லார் சட்டையிலும் இருக்கிறது. அவன் போன பிறகு இடிபாட்டுக்குள் இறங்கி ஆட்களை வெளியே இழுக்கிறவர்கள் என் ஏழு பேர். ஒருத்தி தொலைந்த பொருளைக் கண்டுபிடிப்பாள். ஒருத்தன் மழையில் நனைய மாட்டான். இதெல்லாம் ஒரு சக்தியா என்று அவனே வெட்கப்படுவான். கதவுக்காரன் என்று ஒருத்தன், அவன் கை வைத்து அடைத்த கதவை எவனாலும் திறக்க முடியாது. அவ்வளவுதான் அவனுக்குத் தெரிந்த வித்தை.

அந்தப் பிளாஸ்டிக்குக்கு வாசனையே இல்லை. நான் அவர்களை வாங்கிய சூலியா தெருச் சந்துக் கடையில் பழைய காகிதமும் பக்கத்துக் கடை மீன்கறியும் சேர்ந்து மணக்கும். கடை பாய்க்கு ஒரு பழக்கம். அட்டையைக் கிழித்து விளம்பரத்துக்குச் சுவரில் ஒட்டிவிடுவார். மிச்சத்தை இரண்டிரண்டாக அடுக்கி, கோணி ஊசியால் தைத்து விற்பார். எத்தனையாவது இதழ் என்ற எண் அட்டையோடு போய்விடும். "உள்ள படம் இருக்குல்ல தம்பி, நம்பரையா திங்கப் போற?" என்பார்.

அப்போது அக்கரையில், பிறையில் ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேலை. கூட வேலை செய்த ஆரோக்கியமும் என்னைப் போலத் தீவுப் பக்கத்து ஜார்ஜ்டவுன்காரன்தான். காலை ஃபெரியில், கீழே கார்கள் உறுமிக்கொண்டிருக்க, மேல்தட்டு மரப்பெஞ்சில் ஒரே புத்தகத்தை இரண்டு பேரும் பிடித்துக்கொண்டு படிப்போம். அவன் உதட்டை அசைத்து எழுத்தெழுத்தாகப் படிப்பான். நான் திருப்பப் போனால் என் கட்டைவிரலை அமுக்கிப் பிடித்துக்கொள்வான். "இருலா, திருப்பாத. இந்த ஆளு இன்னும் பேசி முடிக்கல." கதவுக்காரன் அவனுக்கு உயிர்.

ஒரு கட்டு வந்தது. முதல் பாதியில் சுரங்கத்துக்குள் வெள்ளம். மற்ற ஆறு பேரும் தப்பிக்கக் கதவுக்காரன் கதவை அடைத்துப் பிடித்திருக்கிறான். பாய் அட்டையைக் கிழித்தபோது அதன் கடைசித்தாளும் சேர்ந்து கிழிந்து போயிருந்தது. இரண்டாம் பாதியில் அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊரைவிட்டு ஓடுகிறான்.

"பாத்தியா உன் ஆள? உட்டுட்டு ஓடிட்டான்!" என்றேன்.

"இல்லலா. அவன் அப்படிப்பட்டவன் இல்ல."

"படம் போட்டே காட்டிருக்கான், இன்னும் என்ன?"

அந்த மாதம் கட்டாய ஓவர்டைமை எதிர்த்து எங்கள் லைனில் ஏழு பேர் மேனேஜரிடம் போவதாக முடிவாகியிருந்தது. போன அன்று ஆறு பேர்தான் நின்றோம். ஆரோக்கியம் வரவில்லை. மறுநாள் வந்தவனிடம் காரணம்கூடக் கேட்காமல், லைன் முழுக்கக் கேட்க, "வாங்க கதவுக்காரரே, பெட்டி எங்க?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நான்தான் அதிகம் சிரித்தேன். அவன் வேறு ஃபெரிக்கு மாறினான். சில வாரத்தில் வேலையையே விட்டான். எங்கே போனான் என்று யாருக்கும் தெரியவில்லை, நானும் தேடவில்லை. ஓடிப்போனவனை எதற்குத் தேடுவது என்று பெரிய நியாயம் வேறு பேசினேன்.

இப்போது அந்தக் கீழ்த்தட்டில் இரண்டு இதழ்கள் அட்டையோடு பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்பதாம் இதழின் அட்டையில் அவன் பெட்டியோடு ஓடுகிறான். பத்தாம் இதழில் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

பாய் பத்தை முன்னாலும் ஒன்பதைப் பின்னாலும் வைத்துத் தைத்துவிட்டார். ஓடினவன் திரும்பி வந்திருக்கிறான். அவரைக் குறை சொல்வானேன்? அவர் காகிதத்தைத்தான் மாற்றித் தைத்தார். ஆரோக்கியம் மறுநாள் வந்தானே, திரும்பி வந்தவனை வாசலிலேயே நிறுத்திச் சிரித்த மேதை நான்தான்.

பத்தாம் இதழை வாங்கினேன். அந்தப் பெண் கண் முன்னாலேயே பெட்டியைக் கடை வாசல் கம்பியில் மோதி உடைத்தேன். "அங்கிள்!" என்று அலறினாள். வேல்யூ செத்தது, எனக்குத் துக்கமில்லை.

திரும்பும்போது படகில் படித்தேன். பழைய ஃபெரி இல்லை, கார் உறுமல் இல்லை, மரப்பெஞ்சு இல்லை. பாயின் கடை இருந்த இடத்தில் யாரோ காப்பியில் பூப் படம் வரைந்து விற்கிறார்கள். இந்தப் படகு, ஒரு சண்டை முடிவதற்குள் கரைக்கு வந்துவிடுகிறது.

நான் பார்க்காத கடைசிப் பக்கத்துக்கு முன்னால் கட்டைவிரல் தானாக நின்றது. மெதுவாகப் படிக்கிறவனுக்காகக் காத்திருந்தேன். கரை வந்து, எல்லாரும் இறங்கிப் போனார்கள். விரலை அமுக்கிப் பிடிக்க ஆள் வரவில்லை.

திருப்பினேன். பக்கம் முழுக்க அடைத்த கதவு ஒன்று. அதற்கு அந்தப் பக்கம், வெள்ளத்துக்குள்தான் அவன் நின்றுகொண்டிருந்தான்.