மூன்றாம் மாடியில் வளவு ஏது

எங்கள் பக்கத்தில் மகளுக்குக் கலியாணம் என்றால் வீட்டை அவள் கையில் கொடுத்துவிட்டு, உம்மாவும் வாப்பாவும் அதே வளவின் மூலையில் குடில் ஒன்றைப் போட்டுக்கொண்டு ஒதுங்கிவிடுவார்கள். அந்தக் குடில்தான் மெல்ல மெல்லக் கல்வீடாகி அடுத்த மகளுக்குப் போகும். ஏன் என்று கேட்டுப் பாருங்கள், அது அப்படித்தான் என்பார்கள்.

சுனாமிக்குப் பிறகு எங்களுக்குக் கிடைத்தது மாடிவீடு, மூன்றாம் தட்டு. மூத்தவள், என் ராத்தாவின் கலியாணம் அங்கேதான் நடந்தது. மூன்றாம் தட்டில் வளவுக்கு எங்கே போவது? உம்மா பின்பக்கத்துப் பல்கனியைச் சேலையால் மறைத்தார். அதுதான் எங்கள் குடில். அன்றிலிருந்து, தான் சமைத்த குசினிக்குள் போகவும் கதவைத் தட்டினார். நாங்கள் சேலைக்கு அந்தப் பக்கம் மூச்சை அடக்கிக்கொண்டு இருப்போம். எனக்கு நல்ல விளையாட்டு. புது மச்சான் பாவம், தும்மலைக்கூட அடக்கினார்.

மாரி மழையில் பல்கனி நனைந்தது. உள்ளே வந்து படுக்கச் சொல்லி ராத்தா அழுதாள்.

"குடுத்த ஊட்டுக்க திரும்பப் பாய் விரிக்கிறதா? நல்ல கதைதான் கதைக்கிறாய்" என்றார் உம்மா.

கடற்கரையில் எங்கள் பழைய வளவு கிடந்தது. கிணறும் வாசற்படியும்தான் மிச்சம். அங்கே வீடு கட்டக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். வாப்பா தென்னோலைக் கிடுகால் ஒரு குடில் போட்டு, வலை வைக்கிற வாடி என்று சொல்லிக்கொண்டார்.

"வாடிக்குள்ள தையல் மெசின் என்னத்துக்கு காக்கா?" என்று வாப்பாவைக் கேட்டார் பக்கத்து வாடிக்காரர்.

"வலை கிழிஞ்சா தைக்கத்தான்" என்றார் வாப்பா, சிரிக்காமல்.

அங்கே குடிபோனது எனக்குக் கொண்டாட்டம். மணல், கிணற்றுத் தண்ணீர், ஓடுவதற்கு இடம். உம்மாவுக்கும் அப்படித்தான் என்று நினைத்தேன். அஸர் தொழுதுவிட்டு வாசற்படியில் இருந்தால், என் சட்டைக் கையைப் பிடித்தபடி கடலையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் ராத்தா வந்தாள். அலை இரைகிற நேரமெல்லாம் உம்மா கண் மூடுவதில்லை என்று வாப்பா சொன்னாராம். மாடிக்கே வந்துவிடும்படி கெஞ்சினாள். உம்மா என்னைக் காட்டி மெதுவாகச் சொன்னார்:

"இந்த வளவையும் உட்டா, இவள எந்த ஊட்டுல வெச்சிக் குடுக்கிற?"

கலியாணப் பகிடி என்று எண்ணி நான் வெட்கப்பட்டு ஓடினேன். பிறகும் பள்ளிக்கூடத்தில் சொல்லித் திரிந்தேன், எங்கள் உம்மாவுக்குக் கடல் என்றால் உயிர் என்று.