வாளிக்குள் இருந்த காகிதம்

பிள்ளைகளே, ராஜபாளையத்தில் என் வீட்டு முன்னறையில் பேண்டேஜ் துணி நெய்யும் தறி ஓடுகிறது. தீப்பிடித்தால் அணைக்க வாசலில் ஒரு வாளி நிறைய மணல் வைத்திருந்தேன். பக்கத்து வீட்டுத் தேவசகாயத்தின் வீட்டுக்கும் அந்த ஒரே வாளிதான் காவல். அவனை என் தம்பியாகவே நினைத்திருந்தேன்.

போன டிசம்பரில் ஒரு மத்தியானம் சுவிட்சிலிருந்து பொறி விழுந்து, தறியடியில் கிடந்த பஞ்சு பற்றிக்கொண்டது. பின்னறையில் என் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் வெளியே வர முன்னறை வழி மட்டும்தான். ஓடிப்போய் வாளியைக் கவிழ்த்தேன். மேலே ரெண்டு கை மணல், கீழே முழுக்கப் பழைய பேப்பர்! தீ இன்னும் எழும்பியது. மெயினை அணைத்து, மனைவி நனைத்துத் தந்த சாக்கைப் போட்டு அமுக்கி, மகளைத் தூக்கி வந்தேன்.

பொறவு தேவசகாயம் தலைகுனிந்து வந்தான். “அண்ணாச்சி, கிறிஸ்துமஸ் குடில்ல தரையில பரப்ப மணல் பத்தல. பண்டிகை முடியவும் போட்டுருவோம்னு எடுத்தேன்.”

“ஏலே, கேட்டா தரமாட்டேனா? எடுத்தது கூடப் பரவாயில்ல. பேப்பரத் திணிச்சு மேல மணலத் தூவி வச்சிருக்கியே, அதத்தான்டா தாங்க முடியல.”

மறுநாளே வாளி நிறைய மணல் கொண்டுவந்து வைத்தான். அவன் முன்னாலேயே முழங்கை வரை கையை விட்டுப் பார்த்தேன். இப்போது சனிக்கிழமைதோறும் மகளும் நானும் அப்படித்தான் பார்க்கிறோம். நீங்களும் மேலாகப் பார்த்து நம்பிவிடாதீர்கள்.