புயல் விலைக்கு வந்த கேமரா

ஐப்பசி பிறந்தும் மழை இல்லை என்று ஊரே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த வருடத்தில், இன்னும் கொஞ்ச நாள் பெய்யாமல் இருந்தால் தேவலை என்று மனதுக்குள் நினைத்தவன் நான். கோயிலில் மழைக்காக உபவாச ஜெபம் வைத்தார்கள். எல்லாரோடும் சேர்ந்து முழங்காலில் நின்றேன், ஆமென் சொன்னேன். ஆனால் உதடு ஒரு பக்கம், மனசு ஒரு பக்கம். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

காரணம் ஒரு கேமரா.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். மதுரையில் ஒரு ஸ்டுடியோவில் நான்கு வருடம் இருந்து தொழில் பழகிவிட்டு, பாளையம்பட்டியில் சொந்தமாகத் தொழில் தொடங்க வந்திருந்தேன். கேமரா மட்டும்தான் இல்லை. கப்பல் வராததால் புதிது கிடைக்காது. பழையதற்கோ யானை விலை சொன்னார்கள். அருப்புக்கோட்டையில் ஸ்டுடியோ வைத்திருந்த ஒருவர் தொழிலை விட்டுவிட்டு மகள் வீட்டோடு போய்விடத் தீர்மானித்து, தன் தேக்குமரப் பெட்டிக் கேமராவை விற்கப்போவதாகச் சொன்னார். இருநூறு ரூபாய் கேட்டார். கையில் நூற்றைம்பது வைத்திருந்தேன்.

மழை இல்லாவிட்டால் பருத்தி இல்லை. பருத்தி இல்லாவிட்டால் கல்யாணம் இல்லை, கல்யாணம் இல்லாவிட்டால் படம் எடுக்க ஆள் இல்லை. ஐப்பசி பாதியில் அவர் நூற்றெண்பது என்றார். கடைசியில் நூற்றறுபது. நான் பருத்தித் தரகர் வீட்டுப் பிள்ளை. முகத்தில் ஆசை தெரிந்தால் விலை இறங்காது என்பது எனக்குப் பால்குடியிலேயே தெரியும். "யோசிச்சுச் சொல்றேன்" என்று ஒவ்வொரு தடவையும் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்தேன். இன்னும் பதினைந்து நாள் வானம் இப்படியே இருந்தால் நூற்றிருபதுக்கு வந்துவிடும்!

இதற்கிடையில் எம்.ரெட்டியபட்டியில் என் அக்கா காத்திருந்தாள். மச்சான் பட்டாளத்தில் சேர்ந்து போனபோது அவள் ஐந்து மாதம். மகள் பிறந்து ஒன்றரை வயதாகிவிட்டது, அவர் பார்க்கவில்லை. எங்கே இருக்கிறார் என்றுகூட எழுதக் கூடாதாம். ஆனால் ஒவ்வொரு கடிதத்திலும், "பிள்ளை முகத்தை ஒரு படம் எடுத்து அனுப்பு" என்று மட்டும் தவறாமல் எழுதுவார். அக்கா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டவுனுக்குப் போய் எடுத்துவிடுகிறேன் என்றாள். நான்தான் தடுத்தேன்.

"தம்பி போட்டோப் பிடிக்கிறவன், நீ போயி அடுத்தவன்ட்ட காசு குடுப்பியாக்கும்? பொறு, நானே வந்து எடுக்கேன்."

"எப்படா வருவ? அவுக கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாக."

அந்த ஸ்டுடியோக்காரர் காதுக்கும் இந்தச் சேதி எப்படியோ எட்டியிருந்தது. "பிள்ளையத்தான எடுக்கணும்? இதத் தூக்கிட்டுப் போயி எடுத்துட்டுக் கொண்டா தம்பி, வெல அப்புறம் பேசுவோம்" என்றார். நான் மாட்டேன் என்றுவிட்டேன். வாங்கிக்கொண்டு போனால் எனக்கு அவசரம் என்று தெரிந்துவிடுமே! அன்றைக்கு என் புத்தி அப்படித்தான் இருந்தது. இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

கார்த்திகையில் கடற்கரைப் பக்கம் புயல் அடித்தது. எங்களுக்கு ஒரு நாள் முழுக்க மேகமும் புழுதிக் காற்றும் வந்ததோடு சரி. அங்கே கடைகண்ணிக்குள் தண்ணீர் புகுந்து இரண்டு நாள் நின்றதாகச் சொன்னார்கள். தை மாதம் பந்தல்குடி ரோட்டோரத்தில் ஒரு வியாபாரி லாரியிலிருந்து சாமான்களை இறக்கிப் பரப்பியிருந்தான். எல்லாம் புயலில் அடிபட்ட கடைகளில் மொத்தமாகப் பிடித்தவை. குடை, சுவர்க் கடிகாரம், இரண்டு கட்டை மட்டும் பேசுகிற ஆர்மோனியம், அவற்றுக்கு நடுவில் ஒரு பெட்டிக் கேமரா. விலை அறுபது ரூபாய்.

"நனையலண்ணே. ஈரக் காத்து பட்டிருக்கும், அம்புட்டுதான்" என்றான்.

என் அப்பா பருத்தி வாங்கும்போது ஒரு கைப்பிடி அள்ளிக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். கனம் கூட்டத் தண்ணீர் தெளித்திருந்தால் கன்னத்துக்குத் தெரிந்துவிடும். தூக்கிப் போட்டுவிட்டு வந்துவிடுவார். நானும் அன்று கேமராவின் பின்புறம் குனிந்து பார்த்தேன். கன்னம் மரத்தில் பட்டது. சில்லென்று இருந்தது. பருத்தியாக இருந்தால் எழுந்து போயிருப்பேன். ஆனால் அது மரம். எங்கள் காட்டில் குளிர்ச்சியான எதையும் கெட்டது என்று நினைத்து எங்களுக்குப் பழக்கமில்லை. நிழலில் பத்திரமாக இருந்த சாமான் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். மூலைகளெல்லாம் அத்தனை இறுக்கமாகப் பொருந்தியிருந்தன. பேரம் பேசி ஐம்பத்தைந்துக்கு முடித்தேன். மழை பெய்யாத ஊரில் இருந்துகொண்டு புயலில் லாபம் பார்த்துவிட்டேன் என்று பெருமை வேறு.

மதுரையிலிருந்து வரும்போது கொண்டுவந்திருந்த, படம் பதிகிற இரண்டு கண்ணாடிப் பிளேட்டுகளில் சோதித்துப் பார்த்தேன். இரண்டும் பழுதில்லாமல் வந்தன. அடுத்த பெட்டி பிளேட்டு மதுரையிலிருந்து கிடைக்க ஒன்றரை மாதம் ஆனது. அதற்குள் மாசி முடிந்து பங்குனி வெயில் தொடங்கிவிட்டது. உப்புத் தண்ணீரில் ஊறிப் பருத்திருந்த மரம் எங்கள் ஊர்க் காற்றில் காய்ந்து சுருங்கிக்கொண்டிருந்தது. என் கண்ணில் அது படவில்லை.

பிளேட்டு வந்த மறுநாளே ரெட்டியபட்டி போனேன். அக்கா தலை நிறையப் பூ வைத்து, பிள்ளைக்குக் காலில் தண்டை போட்டு, வேப்பமரத்தடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். அதுவரை என்னைக் கண்டாலே அழுகிற பிள்ளை, நான் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டதும் சிரித்துவிட்டது. கேமராவின் பின்புறக் கண்ணாடியில் உருவம் தலைகீழாக, இடம் வலம் மாறித்தான் விழும். அந்தத் தலைகீழ் முகத்தில், ஒரு கன்னத்தில் குழி விழுந்ததைப் பார்த்தேன். அது சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். பிளேட்டு கிடைப்பது குதிரைக்கொம்பு என்பதால் ஒன்றே ஒன்று எடுத்தேன்.

"கண்ண மூடிருக்க மாட்டாள்ல?" என்று அக்கா நாலு தடவை கேட்டாள்.

அன்று சாயங்காலம் பிளேட்டைக் கழுவினேன். மறுநாள் காலையில் அச்சுப் போட்டுப் பார்த்தேன். அக்காவின் மடி இருந்தது, பிள்ளையைப் பிடித்திருந்த கைகள் இருந்தன, தண்டை தெளிவாக விழுந்திருந்தது. பிள்ளையின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு பட்டை. பெட்டியைத் தூக்கி வெயிலுக்கு நேரே பிடித்தேன். மூலைப் பொருத்து நகம் நுழைகிற அளவு விட்டிருந்தது. வெளிச்சம் அதன் வழியே உள்ளே புகுந்திருக்கிறது.

அக்காவிடம் உண்மையைச் சொல்ல வெட்கம். படம் மதுரைக்குப் போயிருக்கிறது, வந்துவிடும் என்று சொல்லி அனுப்பினேன். மூலைகளில் கறுப்புத் துணி வைத்து ஒட்டினேன், காய்ந்ததும் இன்னொரு இடம் விட்டது, அதையும் ஒட்டினேன். இப்படியே இருபது நாள் போயிற்று.

அந்த வருடம் ரெட்டியபட்டிக் கிணற்றில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய், சேற்றை வடிகட்டித்தான் குடித்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைக்கு வயிற்றோட்டம் கண்டது. இரண்டே நாள்தான். ஆள் வந்து சொன்னபோது என் கையில் பசை ஈரமாக இருந்தது.

கேமராவையும் தூக்கிக்கொண்டுதான் போனேன். அடக்கத்துக்கு முன்னால் சவப்பெட்டியைச் சுற்றிக் குடும்பத்தார் நின்று படம் எடுத்துக்கொள்வது எங்கள் ஆட்களிடம் வழக்கம். அக்கா என் தோளில் தொங்கிய கேமராவைப் பார்த்தாள்.

"முன்னால எடுத்தது வந்துருச்சா?"

"சரியா விழலக்கா."

அவள் என்னைத் திட்டவில்லை. "அப்ப இதையும் எடுக்காத. அவுக பாக்கணும்னது இவ கண்ணு முழிச்சிருக்கிற மொகத்த" என்று மட்டும் சொன்னாள். கேமராவைத் திறக்காமலே திரும்பினேன். வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தேன். ஆனி மாதம் அந்தக் கேமராவை அடுப்புக்குப் போட்டேன். உப்பேறிய மரம் எரிய மறுத்துப் புகைந்துகொண்டே கிடந்தது.

யுத்தம் முடிந்து மச்சான் வந்தார். ஒரு மாதம் கழித்துத் தனியாக என்னைத் தேடி வந்து, அந்தப் படம் இருந்தால் கொடு என்றார். எப்படி இருந்தாலும் பரவாயில்லை என்றார். கொடுத்தேன். வெகு நேரம் தண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிரிச்சா கன்னத்துல குழி விழும்னு உங்க அக்கா எழுதியிருந்தா. எந்தக் கன்னத்துல மாப்ள? அவகிட்ட கேக்க முடியல. பேச்செடுத்தாலே எந்திரிச்சுப் போயிர்றா."

எனக்குக் கண்ணாடியில் பார்த்த முகம்தான் ஞாபகம் வந்தது. தலைகீழாக, இடம் வலம் மாறி. அதைத் திருப்பிப் பார்க்க எனக்கு நேரம் வேண்டியிருந்தது. அவரோ என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலது கன்னம் மச்சான்" என்று சொல்லிவிட்டேன்.

அவர் அந்த வெள்ளைப் பட்டையில் ஓர் இடத்தில் விரலை வைத்தார். அவர் போன பிறகு கறுப்புத் துணியை நினைத்துக்கொண்டு, கண்ணை மூடி அந்த முகத்தை நிமிர்த்திப் பார்த்தேன். இடது கன்னம்.

அதற்குப் பிறகு அவர்களுக்கு வேறு பிள்ளை பிறக்கவில்லை. ஒரு கிறிஸ்துமஸுக்கு ரெட்டியபட்டி போயிருந்தபோது, வந்திருந்த ஓர் உறவுக்காரரிடம் மச்சான் பேசிக்கொண்டிருந்தார். "எம் மகளுக்குச் சிரிச்சா வலது கன்னத்துல குழி விழும்" என்றார். அக்கா பக்கத்தில்தான் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள். ஒரு தடவை என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு காப்பியை அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.