ஞானதாஸ் அண்ணனின் காலும் என் ஐஸ் பெட்டியும்

மற்றவர்கள் கையைப் பிடித்தால் ஆறுதல். நாங்கள் பிடித்தால் ஆள் முகத்தைத் திருப்பிக்கொள்வார். லேப்பில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கிற உங்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பனச்சமூட்டில் நானும் அதே வேலைதான் பார்க்கிறேன்.

ரப்பர் மேல் பழி

ஞானதாஸ் அண்ணன் ஆரியங்கோட்டில் ரப்பர் பால் வெட்டுகிறவர். முட்டுக்குக் கீழே இரண்டு காலிலும் கருஞ்சிவப்புப் புள்ளிகள், அழுத்தினாலும் மறையாது. பாதத்தில் எரிச்சல், மரப்பு. ரப்பர் பால் ஒத்துக்கொள்ளவில்லை, வேலையை விட்டுவிடு என்று ஒரு டாக்டர் சொல்லியிருந்தார். களிம்பு பூசிப் பூசி வெறுத்துப்போய் நெய்யாற்றின்கரையில் வேறொரு டாக்டரிடம் போனார். அவர் ரத்தம் பார்க்கச் சொன்னதில் ஹெபடைடிஸ் சி தெரிந்தது. பல வருஷமாக ஈரலில் சத்தமில்லாமல் இருந்த கிருமி.

அந்தக் கிருமியே ரத்தக் குழாய்களைப் புண்ணாக்கியிருக்கலாம், இன்னொரு டெஸ்ட் பார்த்தால் உறுதியாகும், விட்டுவைத்தால் கிட்னிக்கும் போகும் என்றாராம் டாக்டர். அண்ணனுக்குக் கிட்னி பற்றியெல்லாம் கவலை இல்லை. வெட்டுக்கத்தியைக் கீழே வைக்க வேண்டுமா, அது ஒன்றுதான் கேள்வி. அந்த டெஸ்டுக்கு ரத்தம் கொடுக்க எங்கள் லேப்புக்கு வந்தவர் கையை நீட்டிக்கொண்டே சொன்னார்:

"முப்பது வருசம் எனக்குச் சோறு போட்ட மரமாக்கும் மக்கா. அது எனக்கு தீங்கு செய்யாது. நீ நல்லா பாரு."

கை பழகின வழி

திருவனந்தபுரத்துப் பெரிய லேப்புக்குப் போகிற எதையும் நான் ஐஸில் வைத்துத்தான் அனுப்புவேன். அண்ணனின் டெஸ்ட் சீட்டில் 'உடம்புச் சூட்டில் வைக்கவும்' என்று எழுதியிருந்தது. யார் படித்தார்கள்? முக்கியமான ரத்தமாயிற்றே என்று இரண்டு கட்டி கூடுதலாக வேறு போட்டேன்! ஒரு வாரம் கழித்து ரிசல்ட் வந்தது: ஒன்றுமில்லை. அப்படியானால் குற்றம் ரப்பர் மேல்தான் என்று அண்ணன் கத்தியைத் துடைத்துப் பரணில் போட்டுவிட்டார்.

டாக்டர் எனக்குப் போன் செய்தார். அந்தக் காலும் இந்த ரிசல்ட்டும் ஒத்துப்போகவில்லையே, சாம்பிளை எப்படி அனுப்பினாய் என்று கேட்டார். தேடுகிற புரதம் குளிர்ந்தால் உறைந்து ரத்தக் கட்டியோடு போய்விடுமாம், அப்புறம் தேடினாலும் கிடைக்காதாம். வழியில் ஏதோ ஆகியிருக்கும் என்று சமாளித்திருக்கலாம், வாய் வரவில்லை. நேரே அண்ணன் வீட்டுக்குப் போய், தப்பு என்னுடையது, இன்னொரு தடவை கையைக் கொடுங்கள் என்றேன். அவர் சட்டைக் கையை மடக்கினார். அவர் மனைவி லீலா அக்காதான் அடுக்களையிலிருந்து வந்து சொன்னார்:

"ஐஸ் மீனுக்குள்ளதாக்கும் பிள்ளே, எனக்க மாப்பிளைக்க ரத்தத்துக்கு இல்ல."

மடியில் பிளாஸ்க்

இந்தத் தடவை ஊசியையும் டியூபையும் முதலிலேயே வெதுவெதுப்பாக்கிக்கொண்டேன். வாய் அகன்ற பிளாஸ்கில் உடம்புச் சூட்டுக்கு வெந்நீர், அதற்குள் மூடி இறுக்கின டியூப். யாரையும் நம்பாமல் நானே மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் திறந்து தெர்மாமீட்டரை விட்டுப் பார்ப்பேன். சூடு குறைந்தால் இன்னொரு பிளாஸ்கிலிருந்து கொஞ்சம் ஊற்றுவேன். நெய்யாற்றின்கரையில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு அம்மா இதையெல்லாம் பார்த்துக்கொண்டே வந்தார். கடைசியில் பொறுக்க முடியாமல் சொன்னார்:

"பிள்ளைக்குப் பாலா கொண்டு போற? இவ்வளவு சூடு பாத்துக் குடுக்க அம்மை உண்டுன்னா அந்தப் பிள்ளைக்கு ஒரு கொறையும் வராது."

மறுபடியும் தோட்டத்தில்

ரிசல்ட்டில் அந்தப் புரதம் தெளிவாகத் தெரிந்தது. ரப்பர் நிரபராதி, எல்லாம் கிருமியின் வேலை. பன்னிரண்டு வாரம் மாத்திரை. அது முடிவதற்குள் புள்ளிகள் மங்கிப் பழுப்புத் தழும்பாகிவிட்டன. இன்னும் மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோதும் ரத்தத்தில் கிருமி இல்லை, கிட்னியும் நன்றாக இருக்கிறது. பாதத்து மரப்பு பாதிதான் போயிருக்கிறது, மிச்சமும் மெதுவாகக் குறையலாம் என்கிறார் டாக்டர். அண்ணன் பரணில் ஏறிக் கத்தியை எடுத்துவிட்டார்.

கடைசி ரிசல்ட்டை வாங்க வந்தவரிடம், என்னால் உங்களுக்கு எத்தனை நாள் வேலை போச்சு அண்ணா என்றேன். அவர் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே சொன்னார்:

"எனக்க காலைப் பாத்து தப்பா சொன்ன ஒருத்தரும் திரும்பி வந்து தப்புன்னு சொன்னதில்ல மக்கா. நீ வந்து சொன்ன அன்னைக்குத்தான் இது சொகமாவும்னு எனக்கு தோணிச்சு."

இத்தனை வருஷம் சரியாகச் செய்த வேலைக்கு வராத நல்ல பெயர், ஒரே ஒரு தப்பை ஒழுங்காக ஒப்புக்கொண்டதற்கு வந்தது, என்னத்தைச் சொல்ல!